லீவுக்கு தீம் பார்க்: சென்னைக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வின் கடைசிப் பரீட்சை முடிந்த சாயங்காலமே வீட்டில் நச்சரிப்பு ஆரம்பித்துவிடும். அதோடு பெற்றோரின் சந்தேகங்களும். அடிக்கடி காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறோம். சென்னையும் சுற்றுவட்டாரமும்தான் கணக்கு. கட்டணமும் நேரமும் சீசனுக்குச் சீசன் மாறுவதால், கிளம்புவதற்கு முதல் நாள் அந்தப் பூங்காவின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சென்னையில எந்தப் பார்க்குக்குப் போறது? எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி யுனிவர்சல் கிங்டம். அதே சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்ட். பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் குயின்ஸ்லேண்ட். புதிதாக வந்தது திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. அங்குள்ள தஞ்சோரா ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், கால்கள் அந்தரத்தில் தொங்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இரண்டே அளவுகோல்: வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் உயரம், ஒரு வழிப் பயண நேரம். அம்பத்தூரில் இருந்துகொண்டு முட்டுக்காடு போனால் போக வர நாலு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். அந்த வீட்டுக்குக் குயின்ஸ்லேண்ட் கிட்டே. பிள்ளைகள் எல்லாரும் 140 செ.மீ. தாண்டியிருந்தால் மட்டும் பெரிய ரைடுகளைத் தேடித் தூரம் போவதில் அர்த்தம் உண்டு.

எந்த நாள்ல கூட்டம் கம்மியா இருக்கும்?

பெரிய லீவில் செவ்வாய், புதன், வியாழன். அதிலும் ஏப்ரல் கடைசி வாரம் பரவாயில்லை. மே இரண்டாம் வாரத்திலிருந்து எல்லாப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கும் லீவு ஒன்றாக விழுவதால் வார நாளும் ஞாயிறு மாதிரியே இருக்கும். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரக் கடைசியில் போகவே போகாதீர்கள்.

அரையாண்டு லீவில் டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் போகலாம். காணும் பொங்கலன்று ஈசிஆர் பக்கம் தலைகாட்டக் கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்று: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வார நாட்களில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். லீவு இல்லாத புதன்கிழமைதானே என்று நம்பிப் போனால், ஒவ்வொரு வரிசையிலும் உங்களுக்கு முன்னால் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் நிற்பார்கள்.

பாப்பாவுக்கு நாலு வயசுதான். டிக்கெட் எடுக்கணுமா?

பெரும்பாலான இடங்களில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 85 அல்லது 90 செ.மீ.க்குக் கீழே இலவசம். அதிலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். ரெண்டரை, மூணு வயதிலேயே 90 செ.மீ. வந்துவிடும் என்பதால் நாலு வயதுப் பிள்ளைக்கு டிக்கெட் உறுதி. 140 என்பது ஏறக்குறைய பத்து, பதினோரு வயது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம் கேட்கிறார்களே என்று கேட்டில் தகராறு செய்பவர்கள் ஏராளம். அதே உயரம்தான் பெரிய ரைடுகளைத் திறந்துவிடுகிறது என்பதால் அந்தக் காசு வீணில்லை.

பொண்ணு 138 செ.மீ. ஷூ போட்டுக் கொண்டை போட்டா 140 வந்துடும். ஏத்துவாங்களா?

ஏற்ற மாட்டார்கள். உயரம் அளக்கும் கம்பத்தில் வெறுங்காலோடு நிறுத்திக் கொண்டையை அழுத்திப் பார்ப்பார்கள். அதில் முறுக்கிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. தோளுக்கு மேலிருந்து இறங்கும் கம்பியும் இருக்கையும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குச் செய்யப்பட்டவை. வண்டி மேட்டின் உச்சியைத் தாண்டும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அந்த நொடியில் சின்ன உடம்பு கம்பிக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நழுவப் பார்க்கும். கம்பியில் கழுத்தோ தாடையோ இடிப்பதும் உயரம் குறைந்தவர்களுக்குத்தான்.

வீட்டிலேயே அளந்துவிட்டால் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று அழுதுகொண்டு திரும்ப வேண்டாம். குதிகால் சுவரைத் தொட வெறுங்காலில் நிறுத்துங்கள். தடித்த நோட்டு ஒன்றைத் தலை மேல் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, டேப்பில் அளங்கள். காலையில் எழுந்ததும் அளந்தால் சாயங்காலத்தைவிட ஏறக்குறைய ஒரு செ.மீ. கூடுதலாகவே வரும், முதுகெலும்பின் நடுவிலுள்ள தட்டுகள் பகல் முழுக்க அமுங்குவதால். ஆகவே இரவில் 139.5 காட்டும் பிள்ளையைக் காலையிலேயே கம்பத்தில் நிறுத்திப் பாருங்கள்.

நாலு பேருக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

விளம்பரத்தில் இருக்கும் தொகையை நாலால் பெருக்கினால் கணக்கு இடிக்கும். நுழைவுக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. போட்டிருக்கும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராமல் 1,000 ரூபாய் என்றால் தலைக்கு 1,180, நாலு பேருக்கு 4,720. அதன்மேல் வண்டி நிறுத்தம், லாக்கர், மதியச் சாப்பாடு, தண்ணீர், பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும் ஐஸ்கிரீம். டிக்கெட் தொகையில் பாதியை இதற்கென்று தனியாக எடுத்து வைத்தால் கையைப் பிசைய வேண்டியிருக்காது.

மிச்சம் பிடிக்கும் வழிகளில் முதலாவது, நீச்சல் உடையை உள்ளே வாங்காமல் வீட்டிலிருந்தே கொண்டுபோவது (அதைப் பற்றிக் கீழே). அடுத்து, ஆன்லைனில் முன்பதிவு. சில பூங்காக்களில் பத்தாவது, பன்னிரண்டாவது ஹால் டிக்கெட்டுக்கோ கல்லூரி அடையாள அட்டைக்கோ சலுகை உண்டு. ஆனால் அசலைக் காட்டச் சொல்வார்கள், போனில் உள்ள படம் செல்லாமல் போகலாம்.

வரிசையில நிக்காம போற ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் எடுக்கலாமா?

மே மாத ஞாயிறு என்றால் யோசிக்கலாம். செவ்வாய், புதன் என்றால் தண்டம். எடுப்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: எந்தெந்த ரைடுக்குச் செல்லும், ஒரு ரைடுக்கு ஒரு தடவையா பல தடவையா. பல இடங்களில் தண்ணீர் விளையாட்டுகளுக்கு இது செல்லாது. வீட்டில் இரண்டு பேர் மட்டும்தான் பெரிய ரைடு ஏறுபவர்கள் என்றால் அவர்களுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

எத்தனை மணிக்கு உள்ள போகணும்? முதல்ல தண்ணியா, ரைடா?

கேட் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். நாள் முழுக்க எத்தனை ரைடு என்பதைத் தீர்மானிப்பது முதல் ஒன்றரை மணி நேரம்தான்.

எல்லாரும் செய்யும் தப்பு, உள்ளே நுழைந்ததும் தண்ணீரில் குதிப்பது. ஒரு தடவை நனைந்துவிட்டால் ஈர உடையோடு பெரும்பாலான ரைடுகளில் ஏற்ற மாட்டார்கள். உடை மாற்றும் அறைக்கும் வரிசைக்கும் நடையாக நடந்தே மதியம் ஓடிப்போகும். நுழைந்ததும் பூங்காவின் கோடியில் இருக்கும் பெரிய ரைடுக்கு நேராகப் போங்கள். கூட்டம் வாசலை ஒட்டியதில்தான் முதலில் மொய்க்கும். பதினொன்றரை வரை பெரிய ரைடுகள், பன்னிரண்டுக்கு முன்பே சாப்பாடு, வெயில் ஏறியதும் நிழலில் நடக்கும் காட்சிகள், பிறகு தண்ணீர். நாலரைக்குக் குளித்து உடை மாற்றிவிட்டால் கடைசி ஒரு மணி நேரம் மறுபடி ரைடுகள். பாதிக் குடும்பங்கள் அதற்குள் கிளம்பியிருக்கும் என்பதால் காலையில் நாற்பது நிமிடம் நின்ற வரிசையில் பத்தே நிமிடத்தில் ஏறலாம். சில பூங்காக்களில் தண்ணீர்ப் பகுதியை நண்பகலில் திறந்து மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். டிக்கெட் கவுன்டரிலேயே அந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டன் டிரஸ்ஸை ஏன் தண்ணியில விட மாட்டேங்கறாங்க? உள்ள விக்கற டிரஸ்ஸை வாங்க வைக்கறதுக்குத்தானே?

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் காரணம் உண்டு. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். நனைந்த ஜீன்ஸோடு இடுப்பளவு அலையில் விழுந்தால் பெரியவர்களே தடுமாறுவார்கள். சறுக்கில் பருத்தித் துணி ஒட்டிக்கொண்டு பாதியில் நிற்கும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். நூலும் பஞ்சும் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். புடவை, துப்பட்டா, வேட்டி, லுங்கி எல்லாம் காலில் சுற்றும் என்பதால் எங்கேயும் அனுமதி கிடையாது.

நைலான், பாலியெஸ்டர், லைக்ரா எதுவானாலும் சரி. பெண்களுக்கு முழுக்கை பாலியெஸ்டர் டி-ஷர்ட்டும் லைக்ரா லெக்கிங்ஸும் போதும். ஆண்களுக்கு ஜிப், உலோகப் பட்டன் இல்லாத ஷார்ட்ஸ். உலோகம் சறுக்கின் ஃபைபரைக் கீறும், கீறிய இடம் அடுத்தவர் முதுகைக் கிழிக்கும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள், 'காட்டன் மிக்ஸ்' என்றிருந்தால் திருப்பி அனுப்பப்படலாம். வெள்ளை வேண்டாம், நனைந்தால் கண்ணாடி மாதிரி தெரியும்.

தாலி, கொலுசு, மெட்டி எல்லாம் கழட்டணுமா?

கழற்றும் நகைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் உத்தமம். லாக்கரில் தங்கம் வைத்தால் நாள் முழுக்க நினைப்பு அங்கேயே இருக்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சரட்டை உள்ளாடைக்குள் விட்டு, மேலே கழுத்தொட்டிய டி-ஷர்ட் போட்டுக்கொள்ளலாம். ஊக்கு குத்த வேண்டாம், தோள் கம்பி அழுத்தினால் அதுவே மார்பில் ஏறும்.

கவனிக்காமல் விடப்படுவது மெட்டி. தண்ணீரில் ஊறிய விரலில் அது சுழன்று, ரப்பர் மிதவையின் கைப்பிடிக் கயிற்றிலோ படிக்கட்டின் வலையிலோ மாட்டும். கழற்ற முடியாதபடி இறுகியிருந்தால் மேலே மெடிக்கல் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பெண் பிள்ளைகளின் ஜிமிக்கிக்குப் பதில் சின்னக் கம்மல். அரைஞாண் கயிறு, சாமிக் கயிறு உடம்போடு ஒட்டியிருந்தால் பிரச்சினையில்லை, தொங்கும் தாயத்து என்றால் டேப் போடுங்கள்.

புளியோதரை கட்டிட்டுப் போனா உள்ள விடுவாங்களா?

பெரும்பாலான இடங்களில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை, பையைத் திறந்து பார்ப்பார்கள். கைக்குழந்தை உணவுக்கும் மருத்துவ உணவுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரை நோயாளி இருந்தால் மருந்துச் சீட்டோடு சொல்லுங்கள். புளியோதரையைக் காரிலேயே வைத்திருக்க எண்ணினால், கையில் முத்திரை குத்தி வெளியே விட்டு மறுபடி உள்ளே விடுவார்களா என்று முன்பே கேளுங்கள். சில இடங்களில் வெளியே வந்தால் வந்ததுதான்.

காலையில் இட்லி, இடியாப்பம் மாதிரி எண்ணெய் இல்லாததை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காலி பாட்டிலுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை, உள்ளே குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். ஓஆர்எஸ் பாக்கெட் நாலு போதும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டரில் கலக்காதீர்கள்.

கண்ணாடி போடறவங்க என்ன பண்றது?

மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டும் எலாஸ்டிக் பட்டை கண்ணாடிக் கடைகளில் கிடைக்கும். தலைகீழாகப் போகும் ரைடுகளில் பட்டையோடும் அனுமதிக்க மாட்டார்கள். கான்டாக்ட் லென்ஸோடு குளத்தில் இறங்கவே கூடாது. லென்ஸுக்கும் விழிக்கும் நடுவில் தங்கும் கிருமிகள் பார்வையையே பாதிக்கலாம். பழைய கண்ணாடி ஒன்றிருந்தால் அதைக் கொண்டுபோங்கள், தொலைந்தாலும் வயிறு எரியாது.

எங்க யாருக்கும் நீச்சல் தெரியாது. அலைக்குளத்துல இறங்கலாமா?

இறங்கலாம், எங்கே நிற்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னுள்ள அறைகளில் விட்டு விட்டுக் காற்றை அழுத்தித்தான் அலையைக் கிளப்புகிறார்கள். தொடங்குமுன் சைரன் ஊதும். ஓய்ந்திருக்கும்போது குழந்தையின் இடுப்பளவு இருக்கும் தண்ணீர், அலை வந்ததும் கழுத்துக்கு ஏறும். ஆகவே அலை இல்லாதபோது குழந்தையின் முழங்காலைத் தாண்டாத இடம்தான் எல்லை. அலையைப் பார்த்து நில்லுங்கள், முதுகைக் காட்ட வேண்டாம். பக்கச் சுவரை ஒட்டியும் வேண்டாம், அலை அதில் மோதித் திரும்பிக் குறுக்கே அடிக்கும்.

மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, சத்தமில்லாமல் அமிழும். அதனால் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில். மாற வேண்டியிருந்தால், "இப்ப நீ பாரு" என்று வாயால் சொல்லி, "சரி" என்ற பதில் வந்த பிறகே நகருங்கள். அப்பா பார்க்கிறார் என்று அம்மாவும், அம்மா பார்க்கிறார் என்று அப்பாவும் நினைக்கும் அரை நிமிடம்தான் ஆபத்து. கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுச் சாமான்தான், பாதுகாப்புக்கு லைஃப் ஜாக்கெட் கேளுங்கள்.

சுத்துற ரைடுல ஏறினாலே எனக்கு வாந்தி வருது. ஏன்?

உள்காது உடம்பு சுழல்கிறது என்கிறது, கண்ணோ எதிரில் உள்ள இருக்கை அசையவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டல். அதனால்தான் பார்க்க அப்பாவியாக இருக்கும் டீ கப் ரைடு பெரிய கோஸ்டரைவிட மோசம். கோஸ்டர் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், பார்வையும் போகும் திசையிலேயே இருக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து ஏறுங்கள், சுற்றும் ரைடுகளை அடுத்தடுத்து ஏறாதீர்கள். இறங்கியதும் தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்தபடி உட்காருங்கள். இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கேட்கிறது.

மாமியாருக்கு 67 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறாங்க. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. மூத்தோர் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து அறுவை சிகிச்சை, வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்கள் வேகமான ரைடுகளில் ஏறக்கூடாது. வெயிலில் சில பிபி மாத்திரைகள் தலைச்சுற்றலைக் கூட்டும், எழுந்ததும் கண் இருட்டும். காலை மாத்திரையைத் தவறவிடாமல் சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்து, பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழலில் இருந்தால் போதும். ஒன்று மட்டும்: அவரை நாள் முழுக்கப் பைகளுக்குக் காவலாக உட்கார வைக்காதீர்கள். அதற்குத்தான் லாக்கர்.

பீரியட்ஸ் நேரத்துல தண்ணியில இறங்கலாமா?

டாம்பானோ மென்ஸ்ட்ருவல் கப்போ பயன்படுத்தினால் இறங்கலாம். நாப்கின் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், வேலை செய்யாது. வலி இருந்தால் அன்று ரைடுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒன்றரை வயசுக் குழந்தையும் இருக்கு. அதையும் தூக்கிட்டுப் போறது சரியா?

நேராகச் சொன்னால், அந்தக் குழந்தைக்கு அங்கே ஒன்றுமில்லை. பெரியவர்களில் ஒருவர் நாள் முழுக்க அதோடு உட்கார்ந்திருப்பார். பாட்டி வீட்டில் விட முடியுமானால் விடுங்கள். முடியாதென்றால் சாதாரண டயப்பரோடு குளத்தில் இறக்காதீர்கள், ஊறிக் கிழிந்துவிடும். நீச்சல் டயப்பர் தனியாகக் கிடைக்கும், அதுவும் மலத்தைத்தான் ஓரளவு தாங்கும், சிறுநீரைத் தாங்காது. வயிற்றுப்போக்கு இருக்கும் எந்தக் குழந்தையும், எத்தனை வயதானாலும், தண்ணீரில் இறங்கக் கூடாது.

மே மாதத்தில் இன்னொரு சங்கதி: சறுக்குகளுக்கு நடுவே உள்ள சிமென்ட் தரை கொதிக்கும். வெறுங்காலோடு குழந்தையை நடக்க விடுமுன் உங்கள் உள்ளங்கையைத் தரையில் ஐந்து வினாடி வைத்துப் பாருங்கள். டிசம்பரில் இதற்கு நேர்மாறு, உதடு நீலமானால் உடனே வெளியே தூக்கித் துவட்டுங்கள்.

கூட்டத்துல புள்ள தொலைஞ்சுட்டா?

காலையில் கேட்டுக்கு வெளியே பிள்ளையை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள். என்ன கலர் சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. தண்ணீர் உடைக்கு மாறியதும் இன்னொரு போட்டோ. முன்கையின் உள்பக்கம் போன் நம்பரைப் பேனாவால் எழுதி, மேலே லிக்விட் பேண்டேஜ் அல்லது ஒளி ஊடுருவும் டேப் போட்டால் நாலைந்து மணி நேரம் நிற்கும். யூனிஃபார்ம் போட்ட ஒருவரைக் காட்டி, "காணோம்னா இந்தச் சட்டை போட்டவங்ககிட்ட போ, கேட்டுக்கு ஓடாதே" என்று சொல்லிவையுங்கள்.

ரைடு நடுவானத்துல நின்னுட்டா என்ன பண்றது?

அசையாமல் உட்காருங்கள், கம்பியைத் திறக்க முயலாதீர்கள். பெரும்பாலும் சென்சார் ஏதோ ஒன்று சரியில்லை என்று கண்டதும் இயந்திரம் தானாக நிறுத்திக்கொள்கிறது. 2025 மே மாதக் கடைசியில் ஈசிஆரில் ஒரு பூங்காவில் ராட்டினம் உயரத்தில் நின்று, 30க்கும் மேற்பட்டவர்கள் மூன்று மணி நேரம்போல் மேலேயே சிக்கினார்கள். தீயணைப்புத் துறை ஸ்கைலிஃப்டைக் கொண்டுவந்து எல்லாரையும் காயமின்றி இறக்கியது. தலைகீழாக நிற்க நேர்ந்தால் கையால் கம்பியை அழுத்திப் பிடித்து, தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே நிற்பவர்கள் 112ஐ அழைக்கலாம்.

ஏறும்போதே ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: ஊழியர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? பார்க்காமல் பொத்தானை அழுத்தப் போனால், "அண்ணா, ஒரு தடவை செக் பண்ணிடுங்க" என்று குரல் கொடுங்கள். சங்கடமே வேண்டாம்.

மழை வந்தா காசு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடி, மின்னல் என்றால் உயரமான ரைடுகளும் குளங்களும் நிற்கும், இடி ஓய்ந்ததும் தொடரும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை முன்பதிவு செய்வதானால், தேதி மாற்றும் வசதி உள்ள டிக்கெட்டாக எடுங்கள்.

கார் இல்ல. பஸ்ல போய்ட்டு வர முடியுமா?

முடியும். கோவளம் போகும் 109 ஈசிஆர் வழியாகப் போவதால் ஈஞ்சம்பாக்கம், முட்டுக்காடு இரண்டுக்கும் ஆகும். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515 கேளம்பாக்கம், திருப்போரூர் வழி. திருப்போரூரில் இறங்கினால் இள்ளலூருக்கு ஆட்டோ. பூந்தமல்லி தாண்டும் காஞ்சிபுரம் பேருந்துகள் குயின்ஸ்லேண்ட் பக்கம் நிற்குமா என்று நடத்துனரிடம் கேட்டு ஏறுங்கள்.

காலையில் சுலபம், சாயங்காலம்தான் சோதனை. பூங்கா மூடியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆப்பில் வண்டி தேடுவதால் கட்டணம் எகிறும். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், இல்லையென்றால் சாலைக்கு எதிர்ப்புறம் போய் ஒரு டீ குடித்து முக்கால் மணி நேரம் கழித்துத் தேடுங்கள். ஈரத் துணிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை, பிள்ளைக்கு ஒரு உலர்ந்த டி-ஷர்ட். பேருந்தில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கி உங்கள் மேல் சாய்ந்துவிடும்.